தலையாட்டாத ஆடு

போன வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஓர் ஆடு தலையை ஆட்டவில்லை. அந்த ஆட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் செல்வமணி தலைப்பிரசவத்துக்காக லிந்துலைக்கு, எங்களிடம் வந்திருக்கிறாள். குழந்தை நலம். தாய்க்குத்தான் இரத்தம் அதிகமாகப் போய்விட்டது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, ஈரல் கொடுக்கச் சொன்னார். என் மனைவி முனியாண்டிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டாள். அந்தக் கிடாயின் ஈரல் முழுவதும் மகளுக்கு — மருந்தும் பக்தியும் சேர்ந்த ஏற்பாடு.

தோட்டத்து ஆபீசில் கிளாக்கரான நான் கிடாய் தேடப் புறப்படுமுன் கிடாயே வந்துவிட்டது.

வியாழன் காலை தேயிலை மலையிலிருந்து தனியாக இறங்கி வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றது. நெற்றியில் பளிச்சென்று மஞ்சள். நெற்றியில் மஞ்சளோடு ஓர் ஆடு தனியே திரிந்தால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம்? யாரோ சாமிக்கு நேர்ந்துவிட்டது. பூசாரி கருப்பையா லயம் லயமாக விசாரித்தார். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை.

"கிளாக்கரய்யா, நீங்க கிடாய் தேடுறது சாமிக்குத் தெரிஞ்சிருச்சுங்க. அனுப்பி வச்சிருக்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெள்ளி மாலை கோயிலில் கூடினோம். ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது சிலிர்த்துத் தலையை உதறினால்தான் சாமியின் உத்தரவு. அதுவரை கத்தியை எடுப்பதில்லை. பூசாரி தெளித்தார். ஆடு நின்றது. மறுபடி தெளித்தார். நின்றது. ஒரு குடம் தண்ணீரை அப்படியே ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது...

கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்கள் சும்மா இருப்பார்களா?

"பூசாரி, கொஞ்சம் சவுக்காரமும் போடுங்க. குளிக்கத்தான் வந்திருக்கு போல."

"சும்மா இரு புள்ள. சாமி யோசிக்குது."

"யோசிக்கட்டுங்க. பாக்கிற எங்களுக்கே குளிருது."

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "நேர்த்தியில ஏதும் குறையாங்க? புள்ளைக்கு ஏதும்..." என்று என் கையைப் பிடித்தாள். சாமி ஏற்கவில்லை என்றால் மகள் பிழைக்கமாட்டாளோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அடுத்த மலையில் இருக்கும் ஆராய்ச்சிப் பண்ணையின் மிருக வைத்தியர் ஓடி வந்தார். சிங்களவர்; தமிழ் ஓரளவு பேசுவார்.

"வெட்ட வேணாம், வெட்ட வேணாம். இது நம்ம ஆடு. ஊசி போட்ட ஆடு."

"மஞ்சளைப் பாருங்க டாக்டரய்யா. சாமி ஆடுங்க," என்றார் பூசாரி.

"அது பெயிண்ட். ஊசி போட்டதுக்கு அடையாளம்."

பூசாரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மஞ்சள் போகவில்லை.

கதிர்வீச்சுள்ள கோபால்ட் என்ற உலோகத்தை மிகச் சிறிய அளவில் ஆட்டின் இரத்தத்தில் செலுத்தி, அது உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்று பண்ணையில் பார்க்கிறார்களாம். காற்றில் வேலி சாய்ந்ததும் ஆடு வெளியே வந்துவிட்டது.

நாங்கள் நம்பாமல் நிற்பதைக் கண்டு, வைத்தியர் ஜீப்பிலிருந்து கதிர்வீச்சை அளக்கும் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அதன் குழாயை ஆட்டின் தொடையருகே பிடித்தார். டிக்... டிக்... வலப்பக்க விலா எலும்புக்குக் கொண்டுபோனார். லயத்துத் தகரக் கூரையில் மழை விழுந்தது போல் சடசடவென்று ஒரே சத்தம்.

"உள்ள இருக்கிறது ஈரல். அதிகமா இங்கதான் சேருது," என்றார். பிறகு, "ஈரல் யாருக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். குழாயைக் கீழே இறக்கினார்.

"பால் குடுக்கிற அம்மாவுக்கா? ஒரு தடவை சாப்பிட்டா ஆள் சாகாது. பாலில எவ்வளவு போகும், குழந்தைக்கு என்ன ஆகும்... எனக்குத் தெரியாது. தெரியாததைக் குடுக்கக் கூடாது ஐயா."

ஆட்டின் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

சரி, ஆடு ஏன் தலையை உதறவில்லை? உரோமத்தில் அழுக்கு ஒட்டியிருந்தால் அளவு தவறிவிடும் என்று, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் அளப்பார்களாம். அசையாமல் நிற்கப் பழகிய ஆடு அது.

"நான்தான் சொன்னேனே, சாமி உத்தரவு குடுக்கலன்னு," என்றார் பூசாரி.

வைத்தியர் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தார். வெளிநாடுகளில் புற்றுநோய்க் கட்டி வந்த எலிகளுக்கு இப்படி உலோகங்களைச் செலுத்திப் பார்க்கிறார்களாம். சில உலோகங்கள் மற்ற இடங்களைவிடக் கட்டியிலேயே அதிகம் சேருகின்றனவாம். மனிதருக்குள் ஒளிந்திருக்கும் கட்டியை அறுக்காமலே கண்டுபிடிக்கும் காலம் வரலாம் என்றார். பெயரில்லாத அந்த எலிகளுக்கும் சேர்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வட்டவளையிலிருந்து வேறு கிடாய் வந்தது. முதல் துளியிலேயே உதறியது. ஈரல் மகளுக்குப் போயிற்று. நேற்று அவளே எழுந்து, கதவைப் பிடிக்காமல் வாசலில் நின்று, "அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். பண்ணை ஆடுகளுக்கு இப்போது நீலப் பெயிண்ட் — அது என் வேண்டுகோள்.

தோட்டத்துத் துரை சொல்வதற்கெல்லாம் தலையாட்டியே இத்தனை வருடம் ஆபீசில் காலம் தள்ளியவன் நான்... என் வீட்டைக் காப்பாற்றியது தலையாட்டாத ஒரு ஜீவன்.