மகளின் அறைக்கு ஒரு கரைவலை

சிலாவத்தையில் கரைவலை இழுக்கும் செபமாலை எந்தப் பொருளையும் வைத்த இடத்திலிருந்து எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. பொருள்தான் அவனைத் தேடி வரவேண்டும். மகளின் அறையை எந்நேரமும் துப்புரவாக வைத்திருக்க வழி கண்டுபிடித்தவனும் இதே செபமாலைதான். அதைக் கேட்ட அயலவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று முடிவெடுப்பதற்குள் அவன் வேலையைத் தொடங்கிவிட்டான்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் செபமாலையும் மனைவி றஞ்சனியும் படுத்தார்கள். மற்றதில் வலைகள் படுத்தன. மகள் ஷறோமிக்கு விறாந்தையில் பாய். ஒன்பது வயது நடக்கும்போது ஒருநாள் அவள் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“வலைக்கு அறை கிடக்கு. எனக்கு இல்லையோ அப்பா?”

செபமாலைக்குச் சுருக்கென்றது. சகோதரங்கள் நெருக்கியடித்த கொட்டிலிலும் பிறகு முகாம் கூடாரத்திலும் வளர்ந்தவன் அவன். தனக்கென்று ஒரு மூலை இருந்ததே கிடையாது. அன்றைக்கே வலைகளைத் தூக்கி வெளியே, வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கிய பத்திக்குள் போட்டான். சுவருக்கு றோஸ் நிறம் அடித்தான். ஒரு கட்டிலும் வந்தது. ஷறோமி தன் வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிட்டு, கதவில் தன் பெயரை எழுதி ஒட்டினாள்.

கொஞ்ச நாளில் அந்த அறைக்குத் தரை இருப்பதே மறந்துபோயிற்று. உள்ளே நடக்கிறவர்கள் எதையாவது மிதித்து “ஐயோ” என்றார்கள். றஞ்சனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, கோயில் பெருநாளுக்குச் சனம் வரப்போகுது. அதுக்குள்ள இது அறை மாதிரி இருக்கோணும். இல்லாட்டி வலை உள்ளுக்கு, பிள்ளை விறாந்தைக்கு. பிறகு என்னில குறை சொல்லக்கூடாது.”

றஞ்சனி வெறும் வாய் காட்டுகிறவள் அல்ல, சொன்னால் செய்வாள். ஷறோமி கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள். செபமாலை யோசிக்கத் தொடங்கினான். யோசித்துப் பழக்கமில்லாத மனுசன் யோசிக்கத் தொடங்கினால் வீட்டிலுள்ளவர்கள் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

மறுநாள் பழைய கரைவலையின் மடியை, அதாவது மீன் வந்து சேரும் அந்தச் சின்னக் கண் வலையை, வெட்டி எடுத்துவந்து அறைத் தரையில் விரித்தான். ஓரம் முழுக்கக் கயிறு கோத்தான். கூரை வளையில் ஒரு கப்பியைப் பூட்டினான்.

“காலமை விரி. நாள் முழுக்க விளையாடு. பின்னேரம் இழு. அவ்வளவுதான் பிள்ளை.”

ஷறோமி இழுத்தாள். புத்தகம், பொம்மை, சட்டை, செருப்பு எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கூரைக்கு ஏறின. தரை பளபளவென்று கிடந்தது. கட்டில் மட்டும், கனம் காரணமாக, தப்பியது. ஒருநாள் பூனையும் ஏறிப்போயிற்று. இறக்கிவிட்ட பிறகு அது அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

செபமாலைக்குத் தலைகால் புரியாத பெருமை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இழுத்துக் காட்டினான்.

ஆனால் ஒவ்வொரு காலையிலும் வலை இறங்கியது. அதற்குள் பள்ளிக்கூடக் கழுத்து ரையும் ஒற்றைக் காலுறையும் கணக்குக் கொப்பியும் பின்னிக்கொண்டு கிடந்தன. அடுப்பில் புட்டு வேக, றஞ்சனி சப்பணம் கட்டியிருந்து பள்ளிக்குத் தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சில நாள் பேசாமல் பிரித்தாள். பிறகு பேசினாள்.

“அப்பாவும் மகளும் இழுப்பியள். இருந்து பிரிச்சுத் தெரியிறது நான். கரையிலயும் இந்தச் சீத்துவம்தான், வீட்டிலயும் இதுதானோ?”

கரையில் ஆம்பிளைகள் வலையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது பெண்கள் மீனை வகைவகையாகத் தெரிந்து பெட்டிகளில் போட்டிருப்பார்கள். மீன் தானாகவே பிரிந்து பெட்டிக்குள் ஏறுகிறது என்றுதான் செபமாலை இத்தனை காலமும் நம்பியிருந்தான் போலும்.

“நாளைக்கு நீங்கள் தெரியுங்கோ,” என்று சொன்ன றஞ்சனி, மறுநாள் விடியக் காலையிலேயே பூசைக்குப் போய்விட்டாள்.

செபமாலை வலையை இறக்கிவிட்டு முன்னால் குந்தினான். ஷறோமி ஒற்றைக் காலுறையோடு பக்கத்தில் நின்றாள். மகளின் சாமான்களை ஒரு பக்கமும் மற்றதுகளை இன்னொரு பக்கமும் போட்டான். வலை பின்னும் ஊசி வந்தது. மிதவைகள் வந்தன. ரோச் லைற், மோட்டார் சைக்கிளின் பழைய பிளக், கறள் பிடித்த தண்ணீர்க் குழாய், வெற்றிலைப் பை வந்தன. கடைசியில் அவனுடைய தொப்பியும் வந்தது. அதைக் களவெடுத்ததாகச் சொல்லித்தான் மச்சான் அல்பேர்ட்டோடு அவன் மாதக்கணக்கில் கதைக்காமல் திரிந்தான்.

மற்றப் பக்கம் குவியல் இடுப்பளவுக்கு வந்தது. மகளின் பக்கத்தில் கொஞ்சப் புத்தகம், உடுப்பு, ஒரு பொம்மை, சிப்பிகள். அவ்வளவுதான்.

“இதெல்லாம் ஆற்ற?”

“உங்கடைதான் அப்பா.”

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“நீங்கள் வந்து வந்து வைக்கிறியள். இது இன்னும் உங்கட அறைதானாக்கும் எண்டு பேசாம இருந்தனான்.”

வலைகளை வெளியே தூக்கிப் போட்டவன் தன்னைத் தூக்கிப் போட மறந்திருந்தான். கடலால் வந்து, கையில் இருப்பதை அந்த அறைக்குள் எறிந்து, அப்படியே பழகிப்போன கை. அவன் போட்ட குப்பைக்குப் பிள்ளை அறையை இழக்கப்போகிறாள்.

அன்று அவன் தொழிலுக்குப் போகவில்லை. கப்பியைக் கழற்றினான். ஷறோமியின் கை எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு பலகை அடித்தான். உடுப்புக் கொளுவ அதன் கீழே ஆணிகள், விளையாட்டுச் சாமானுக்கு ஒரு பெட்டி. அதற்கு மேல் அந்த அறைக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. தனக்கென்று கதவுக்கு வெளியே பெரிய ஆணி ஒன்றை அறைந்து, அதன் கீழே ஒரு மீன்பெட்டியை வைத்தான். பின்னேரம் தொப்பியைப் போட்டுக்கொண்டு அல்பேர்ட் வீட்டுக்குப் போய்வந்தான். அங்கே என்ன கதைத்தான் என்பதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

பெருநாளுக்கு முதல்நாள் றஞ்சனி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து குசினிக்குள் போனாள். வலைகள் பத்தியிலேயே கிடந்தன.

அன்று பின்னேரம் கடலால் வந்த செபமாலை வழக்கம்போல மகளின் அறைப் பக்கம் நடந்தான். வாசலில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கையில என்ன?”

செபமாலை நின்றான். ரோச் லைற்றைப் பெட்டிக்குள் போட்டான். தொப்பியைக் கழற்றி ஆணியில் கொளுவினான். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

“ஒண்டுமில்லை, பிள்ளை.”

“அப்ப உள்ளுக்கு வாங்கோ.”