மாரியில் பார்த்த காணி

சண்டிலிப்பாயில் நாங்கள் வீடு கட்டிய காணியை அப்பாவுக்குப் பார்த்துக் கொடுத்தவர் என் பெரியப்பாவின் மகன். எனக்கு அண்ணை முறை. ஊரில் காணி வாங்கவும் விற்கவும் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். இடம்பெயர்ந்திருந்த நாங்கள் அப்போதுதான் திரும்பி வந்திருந்தோம். அப்பா அந்தக் காணியை நல்ல வெயிலில் ஒரு தடவைதான் பார்த்தார். சொந்தத் தமையனின் மகன் சொன்னது அவருக்குப் போதும்.

முதல் மாரியிலேயே தண்ணீர் அடுக்களைக்குள் வந்தது. தோட்டங்களிலிருந்து வெள்ளம் குளத்துக்கு ஓடும் வழியில் வீட்டைக் கட்டியிருக்கிறோம் என்பது பிறகுதான் விளங்கியது. அண்ணைக்கு அது முன்பே தெரியும். அவர் கூட்டிவந்து காட்டிய வேறு ஆட்கள் வெள்ளத்தைச் சொல்லித்தான் வேண்டாமென்று போனார்களாம் என்று அயலவர்கள் சொன்னார்கள்.

அப்பா கார்த்திகையில் இறந்தார். முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். சனம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து முகம் பார்த்துவிட்டுப் போனது. காற்சட்டையை நனைக்க மனமில்லாமல் அண்ணை வெளியே ஒழுங்கையிலேயே நின்றார். நின்றபடி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "சித்தப்பாவுக்கு எல்லாத்திலையும் அவசரம். காணி பாத்து வாங்கத் தெரியேல்லை."

மதிலுக்கு உள்ளே நின்ற எனக்கு அது கேட்டது. அதன்பிறகு அன்று நான் அழவில்லை.

அப்போது கட்டட வேலை சம்பந்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்ததும், கட்டடம் எழும்ப முன்னர் காணியைப் பார்த்து 'இது சரி, இது சரிவராது' என்று சொல்லும் வேலையாகத் தேடி எடுத்தேன். மண்ணைக் கிண்டும்போதெல்லாம் அவருடைய முகம் வரும். ஒருநாள் அவர் விற்கும் காணி என் கைக்கு வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

கனடாவிலிருந்து வந்த ஒருவர் கல்யாண மண்டபம் கட்ட இடம் தேடினார். அண்ணை தன்னுடைய சொந்தக் காணியையே காட்டியிருந்தார். பார்க்க நல்ல காணி. தெருவோரம், புதுச் செம்மண் பரவி மட்டமாகக் கிடந்தது. பார்த்துச் சொல்ல நான் வேலை செய்த இடத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். அன்று மாலையே அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா இறந்த பிறகு அவர் எங்கள் வாசல்படி மிதித்தது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, எல்லாம் உன்ரை கையிலைதான் கிடக்கு. நல்லதா எழுதிவிடன்."

"ஓம் அண்ணை, உள்ளதை எழுதுவன்" என்றேன். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தக் காணியில் மண் பார்க்கக் கிடங்கு வெட்டுவித்தேன். செம்மண் முழங்கால் ஆழம்வரைதான். அதன் கீழே கறுத்த சேறு, கோரைக் கிழங்கு, நத்தை ஓடுகள். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குச் செம்மண்ணால் போர்வை போர்த்தியிருக்கிறார். இதை அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் விஷயம் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். அப்படி முடிய நான் விரும்பவில்லை. கனடாக்காரரிடம், "ஐயா, ஒரு நல்ல மழை பெய்யட்டும். அந்தக் காணியிலை நிண்டு பாத்துப்போட்டு முடிவெடுங்கோ. அண்ணையையும் கூப்பிடுங்கோ" என்றேன்.

மழை வந்தது. மூவரும் தெருவில் குடையோடு நின்றோம். ஊர்ச்சனம் வேடிக்கை பார்க்க வேலியோரம் கூடிவிட்டது. தெருவுக்குக் கீழுள்ள மதகுக்குள்ளால் வந்த வெள்ளம் நேரே காணிக்குள் இறங்கி, மணவறை வைக்க நினைத்த இடத்தில் குளமாக நின்றது.

"இண்டைக்கெண்டு பெரிய மழை" என்றார் அண்ணை.

"நடுவிலை போய் நிண்டு காட்டுங்கோ அண்ணை. இறுகின மண்ணெல்லே?"

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றதால் அவர் போகத்தான் வேண்டியிருந்தது. கொஞ்சத் தூரத்தில் கால் புதைந்தது. இழுக்க இழுக்க மற்றக் காலும் இறங்கியது. கனடாக்காரர் அவரிடம் கேட்டார்: "உமக்கு உது முந்தியே தெரியுமோ?"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "நீ என்ரை ரத்தமெல்லே!"

"அப்பாவும் உங்கடை ரத்தந்தான்" என்றேன்.

இன்னும் மண்போட்டு உயர்த்தினால் கட்டலாமா என்று கனடாக்காரர் கேட்டார். கட்டலாம், ஆனால் அந்தத் தண்ணீர் பின்னாலுள்ள சின்ன வீடுகளுக்குள் போகும் என்றேன். அதோடு அவர் காருக்குத் திரும்பிவிட்டார். மருதனார்மடத்துக்குக் கிட்ட நான் காட்டிய உயரமான கல்லுத்தறை நிலத்தை வாங்கினார். அண்ணையின் காணியை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. காணி பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போவாரும் இல்லை. ஒருமுறை அவருடைய மனைவி வந்து, "ஆரும் கேட்டால் கொஞ்சம் நல்லதாச் சொல்லிவிடு தங்கச்சி" என்று கெஞ்சினார். முடியாது என்றேன். "போதும், விடு பிள்ளை" என்றார் அம்மா. எனக்குப் போதவில்லை.

போன மார்கழியில் அந்தப் புது மண்டபத்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். வெளியே அடைமழை. சனம் கால் நனையாமல் வந்து இறங்கியது. அண்ணையும் வந்து கடைசி வரிசையில் சாப்பிட இருந்தார். அவருக்கு எதிரே இடம் பார்த்து நான் உட்கார்ந்தேன். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் பாயாசம் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கி, அவர் எழும்பும்வரை ஆறுதலாக, அவசரமில்லாமல் குடித்தேன்.