புதுப் பாட்டுக்கு எழுந்து போகிறவர்கள்

நான் கீபோர்டு வாசிக்கும் பேண்டுக்கு ஒரே ஒரு ஹிட் பாட்டுதான் உண்டு. காலேஜ் நாளில் எழுதியது. இப்போது கிடார் வாசிப்பவருக்கு ஒரு முட்டியை மாற்றியாகிவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவருக்கு இடது காது கேட்காது. பாடுகிறவர் தலையில் இருப்பது அவருடைய சொந்த முடி இல்லை. ஆனாலும் தில்லியில் ஏதாவது ஒரு மேடையில் நாங்கள் ஏறிவிட்டால் போதும், கீழே நிற்கும் ஐம்பது வயதுக் குழந்தைகள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் கிளாம் மெட்டல் என்று ஒரு வகை சங்கீதம் உலகத்தை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. ஆண்கள் முடியைக் கோபுரமாக உயர்த்தி, கண்ணுக்கு மை தீட்டி, உடம்போடு ஒட்டிய கால்சட்டையில் நின்றுகொண்டு உயிர்போகிற மாதிரி கத்திப் பாடுவார்கள். எங்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. கால்சட்டை சரோஜினி நகர் மார்க்கெட்டில், ஏற்றுமதியில் கழித்துப்போட்ட குவியலில் கிடைத்தது. அது பெண்கள் போடுவது என்று கடைக்காரர் சொல்லிப்பார்த்தார், எங்கள் பேண்டு ஆண்கள் கேட்கவில்லை. ஹேர் ஸ்ப்ரேக்கு வழியில்லாததால் சர்க்கரைத் தண்ணீரைத் தடவி முடியை நிறுத்தினார்கள். திறந்தவெளி மேடை என்றால் பாட்டு முடிவதற்குள் தலையில் ஈ மொய்க்கும். மை மட்டும் என்னுடையது. மூன்று ஆண்களும் என் மை டப்பாவை வழித்துக் காலி செய்துவிட்டு மேடை ஏறுவார்கள். மையே இல்லாமல் நிற்பது நான் ஒருத்திதான். மகள் மேடையில் வாசிக்கலாம், ஆனால் சல்வார் கமீஸில், பொட்டோடு, ஒழுங்காக நின்று வாசிக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கீபோர்டை ஒவ்வொரு காலேஜுக்கும் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். ஆர்.கே.புரத்தில் டிரம்ஸ்காரரின் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்ப் பையன் மோட்டார் பைக் வைத்திருந்தான். நான் பின்னால் உட்கார்ந்து கீபோர்டை மடியில் குறுக்கே வைத்துக்கொள்வேன், அவன் ரிங் ரோடில் பறப்பான். கீபோர்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பஸ் டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி எங்கள் இருவர் குடும்பத்தையும் சேர்த்து வைத்துத் திட்டுவார்கள். அந்த ஓட்டத்தைத்தான் நான் பாட்டாக எழுதினேன். எல்லாம் ஆங்கிலம். இன்னும் வேகமாகப் போ, இன்னும் வேகமாகப் போ என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் வரி. பாட்டு காலேஜ் காலேஜாகப் பரவியது, ஒரு கேசட்டும் வந்தது. பைக்கோட்டிய அவனையே கல்யாணம் செய்துகொண்டேன், அன்றுமுதல் அவன் எனக்கு அவர் ஆனார். அதனால் அந்தப் பாட்டைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

வாய் வராது என்றாலும் மனசுக்குள் பொருமல் இருக்கத்தான் செய்தது. வேறு பாட்டே எங்களுக்குத் தெரியாதா?

சில வருஷங்களுக்கு முன்னால், நாங்கள் சின்ன வயதில் சாமியாகக் கும்பிட்ட ஒரு வெளிநாட்டு பேண்டு தில்லிக்கு வந்தது. நாங்கள் நாலு பேரும் போனோம். அவர்களுக்கும் வயதாகியிருந்தது. கால்சட்டை மட்டும் அதே இறுக்கத்தில் இருந்தது, உள்ளே இருந்த ஆள்தான் பெருத்திருந்தார். பழைய பாட்டு நாலு பாடினார்கள், கூட்டம் எகிறிக் குதித்தது. பிறகு பாடகர், "இது எங்கள் புது ஆல்பத்திலிருந்து" என்றார். மைதானம் மொத்தமும் ஒரே ஆளாகத் திரும்பி பீர் கடையைப் பார்த்து நடந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நானும் சமோசா வாங்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இப்படியே பழைய பாட்டோடு நானும் காலத்தை ஓட்டியிருப்பேன். அதற்குள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பைபாஸ் ஆனது. ரிங் ரோடில் பறந்த மனுஷர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பார்க்கில் சாயங்காலம் நடப்பார். ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரைக்கும் நடை, அப்புறம் உட்கார்ந்து மூச்சு வாங்குவது. "நீ முன்னால போம்மா, எனக்காக நிக்காதே" என்பார். நான் போகமாட்டேன். எனக்கு அந்த நடை பிடித்திருந்தது. அவர் பிழைத்து வந்து என் பக்கத்தில் நடக்கிறார் என்ற சந்தோஷத்தில் எத்தனையோ நாள் அந்தப் பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

அதிலிருந்துதான் புதுப் பாட்டு வந்தது. மெதுவாக வா, எனக்கு அவசரம் இல்லை என்பது அதன் வரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் மெட்டுப் போட்டேன். ஹெட்போன் போட்டுவிட்டால் பாட்டு எனக்கு மட்டும்தான் கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கட்டைகள் டக் டக்கென்று அடிக்கிற சத்தம்தான். "என்ன, டைப்பிங் கத்துக்கறியா?" என்று அவர் கிண்டல் செய்துகொண்டே பேப்பர் படிப்பார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, உங்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன் என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. மேடையில் பாடுவோம், கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மேடையில் அந்தப் பாட்டு பட்ட பாடு இருக்கிறதே! முதல் தடவை ஒரு ரெஸ்டாரண்டில். "புதுப் பாட்டு" என்று பாடகர் சொன்னதுமே எல்லோரும் மெனு கார்டைக் கையில் எடுத்தார்கள். முடிந்ததும் மேனேஜர் ஓடிவந்து, அடுத்த முறையும் புதுப் பாட்டை நிச்சயம் வாசியுங்கள் மேடம், அப்போதுதான் ஆர்டர் குவிகிறது என்றார். இரண்டாவது தடவை பாதிப் பாட்டிலேயே கூட்டம் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தி இதை நிறுத்திவிட்டது. நல்லவேளை, கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரண்டு தடவையும் வீட்டுக்காரர் வரவில்லை.

"புதுசுன்னு மைக்ல ஏன் சொல்றீங்க யா? புதுசுன்னாலே ஜனங்க ஓடிடும்" என்றார் டிரம்ஸ்காரர். அவருக்கு எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு. ஒரு காதுதானே கேட்கிறது.

ஜனவரியில் ஒரு கிளப் புல்வெளியில், மத்தியான வெயிலில், பழைய காலேஜ் மாணவர்கள் கூடும் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட்டதால் வீட்டுக்காரர் கிளம்பினார். குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டு. ஸ்பீக்கர் பக்கம் போகாதீர்கள் என்று நான் சொல்லியிருந்ததால் கடைசி வரிசையில், சாப்பாட்டுப் பந்தலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு எப்படியும் அவர் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டுவிட வேண்டும், எனக்கு வேறு எதுவுமே வேண்டாம் என்று இருந்தது. புதுப் பாட்டு முதலில், ஹிட் கடைசியில் என்று பேசி வைத்திருந்தோம். ஹிட் முடிந்தால் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள், பிறகு யார் பாட்டுக் கேட்பது?

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஹிட் பாட்டைப் பாடகர் வானத்தில் நின்று பாடினார். இப்போது அந்தத் தொண்டை அத்தனை மேலே போகாது. அதனால் வருஷத்துக்குக் கொஞ்சமாகச் சுருதியை இறக்கி, இப்போது இரண்டு கட்டை கீழே பாடுகிறோம். கிடார்காரர் கம்பிகளைத் தளர்த்தி வைத்திருப்பார். என் விரலுக்கோ பழகிய கட்டைகள்தான் வரும், அதனால் நான் விரலை மாற்றமாட்டேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு, அதைத் தட்டினால் அதே கட்டைகள் இறங்கிய சுருதியில் ஒலிக்கும். எங்களைப் போன்ற பழைய பேண்டுகள் பிழைப்பதே இந்தப் பட்டனில்தான். புதுப் பாட்டுக்கு அது வேண்டாம். பாடகரின் இன்றைய தொண்டைக்கு அளந்து தைத்த பாட்டு அது, கிடார்காரரும் அதைத் தளர்த்திய கம்பிகளிலேயே பழகியிருந்தார்.

டிரான்ஸ்போஸ் பட்டனை அணைத்துவிட்டு நான் தயாராக நின்றேன். பாடகர் பழக்க தோஷத்தில், "இப்போது ஒரு புதுப் பாட்டு" என்று சொல்லித் தொலைத்தார். முன்வரிசை நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. யாரோ ஹிட் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். விழாச் செயலாளர் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். "பஹ்லே ஹிட், ஃபிர் கானா!" முதலில் ஹிட்டாம், அப்புறம் சாப்பாடாம். கடைசி வரிசையைப் பார்த்தேன். பந்தலை நோக்கிக் கிளம்பிய கூட்டத்தில் அவருடைய குல்லாவே தெரியவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஹிட்தானே வேண்டும், இந்தா என்று ஆரம்ப இசையை ஓங்கி அடித்தேன். அடித்த வேகத்தில் பட்டனைத் திரும்பத் தட்ட மறந்துபோனேன்.

பழைய சுருதியிலேயே கிளம்பியது பாட்டு. கூட்டம் ஓவென்று கத்தியபடி திரும்பி ஓடிவந்தது. பாடகர் முதல் வரியைப் பிடித்ததும் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். கிடார்காரர் இறக்கிய கம்பிகளோடு உள்ளே வந்தார். இரண்டு பஸ் உரசிக்கொள்கிற மாதிரி ஒரு அபஸ்வரம். சட்டென்று கையை எடுத்துவிட்டார். ஒற்றைக் காதுக்காரர் மட்டும் விவரம் புரியாமல் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, பிறகு அவரும் நிறுத்தினார். மிச்சம் நின்றது நானும் பாடகரும்தான்.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று கையைத் தூக்கப்போனேன். பாடகர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மேலே போக முடியாது என்று தெரிந்து, அடித்தொண்டைக்கு இறங்கி, கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் மெதுவாகப் பாட ஆரம்பித்தார். நானும் வேகத்தைக் குறைத்தேன். குதிக்க வந்தவர்கள் குதிக்க முடியாமல் நின்றார்கள். அத்தனை வருஷமாகக் கத்திய வார்த்தைகளை அன்றைக்குத்தான் காதில் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். பைக், ரிங் ரோடு, பின்னால் உட்கார்ந்தவள் மடியில் கனக்கும் கீபோர்டு. இன்னும் வேகமாகப் போ என்பதை அவர் அவ்வளவு மெதுவாகப் பாடினார்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. பட்டன் போடாததால் கீபோர்டு புதுப் பாட்டுக்கு வைத்தபடியே இருந்தது. நான் கையை எடுக்காமல் அப்படியே புதுப் பாட்டுக்குள் போனேன். பாடகர் திரும்பிப் பார்த்தார், லேசாகச் சிரித்தார், மைக்கில் ஒரு வார்த்தை சொல்லாமல் பாடத் தொடங்கினார். கிடார்காரர் இப்போது சரியாக வந்து சேர்ந்தார். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தட்டினார். மெதுவாக வா, எனக்கு அவசரம் இல்லை. கடைசி வரி வரைக்கும் பாடினோம். பந்தல் பக்கம் ஒரு ஆள் போகவில்லை. நின்ற கூட்டத்துக்குப் பின்னால் வீட்டுக்காரர் இருந்தாரா, கேட்டாரா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கீழே இறங்கியதும் ஒரு தாடிக்காரர், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் மாதிரி தெரிந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பாட்டின் அந்தக் கடைசிப் பகுதி, அதுதான் மேடம், மெதுவாக வா என்று வருமே, அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்றார் ஹிந்தியில். காலேஜில் அது பாடும்போதுதான் தன் மனைவியிடம் முதன்முதலாகப் பேசினாராம். அன்றைக்கு மழைகூடப் பெய்ததாம். அந்தப் பாட்டு எழுதி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே ஐயா என்று வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் பக்கத்தில் வந்து நின்ற என் வீட்டுக்காரர், "ஹா ஜி, பஹுத் பாரிஷ் தீ" என்று சொல்லிவிட்டார். ஆமாம், நல்ல மழையாம்! தாடிக்காரர் நிறைந்த மனதோடு சாப்பிடப் போனார்.

"பொய் சொல்றீங்களே, வெட்கமாயில்ல?" என்றேன்.

"சந்தோஷமா இருக்கான், இருந்துட்டுப் போகட்டும் விடு" என்றார்.

பாட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கேட்கவேயில்லையோ? சாப்பாட்டு வாசனையில் கவனம் போய்விட்டதோ? இதற்கா இத்தனை பாடு என்று வந்த எரிச்சலில், கீபோர்டை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு காரைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தேன். கனம் தூக்கக்கூடாது என்பதால் அவர் கையில் பிளக் ஒயர் மட்டும். பாதி வழியில், பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பயந்துபோய் நின்று திரும்பினேன்.

ஒயரைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி நின்றிருந்தார்.

"மெதுவா வாங்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"தெரியும்" என்றார். "இப்பதான் மேடையில சொன்னியே."