கால் மைலுக்கு நான்கு தேசிக்காய்

அருவி, ஏரிக்கரை, அப்பிள் தோட்டம் என்று ரொறன்ரோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். ரயர் புகை மணக்கும் ஓர் இடத்தைப் பற்றியும் எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. சென்ற செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். போனதற்குக் காரணம் என் கணவர் ஜெகனின் இடது முழங்கால். (வழக்கம்போல இனி ‘இவர்’ என்றே எழுதுகிறேன். பெயர் சொல்லி எழுதினால் யாரோ வேறு ஆள் மாதிரி இருக்கிறது.)

இவரிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு வண்டி, சிவப்பு நிறம், இரண்டு கதவு, பத்து சிலிண்டர், ஐந்நூறு குதிரைவலு. அதிலும் மனுவல், ஆறு கியர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இவர் அதை வாங்கிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது நான் மூன்று நாள் இவருடன் கதைக்கவில்லை. சமையலறையைத் திருத்தவென்று சேர்த்த காசு அது! அந்தக் கோபத்தில் அதன் ஸ்டியரிங்கை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மகள் வோட்டர்லூவுக்குப் படிக்கப் போனபோது கட்டிலையும் மேசையையும் ஏற்றிப் போனது அதுதான். ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேரின் விசேஷங்களுக்கும் மேசை கதிரை சுமந்ததும் அதுதான்.

மாசி மாதம் இவருக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. இருபத்திரண்டு வருடம் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தின் கொங்கிறீற் தரையில் நின்று தேய்ந்த கால் அது. “ஓட்டோமற்றிக் வாகனம் தாராளமாக ஓட்டுங்கள், கிளச் என்றால் நோகும்” என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த வண்டியின் கிளச்சோ சும்மா கிளச் அல்ல, நல்ல காலுக்கே வேலை வைக்கும். ஆகவே விற்பதென்று முடிவாயிற்று. மார்க்கம் நகரிலிருந்து ஒரு பொடியன் திங்கட்கிழமை வந்து எடுப்பதாகப் பேச்சு. இவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் வாய் திறந்தார்.

“குடுக்க முன்னம் ஒருக்கா ஓடிப் பாக்கோணும். பதின்மூண்டு எண்டு தொடங்கிற ஒரு துண்டு. அது காணும் எனக்கு.”

விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு: இவர் சொன்னது ட்ராக் ஸ்ட்ரிப்பில் (drag strip) ஓடுவதை; அது வண்டிப் பந்தயத்துக்கென்று நேர்கோடாகப் போட்ட ஓடுபாதை. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை லைற் விழுந்ததும் கால் மைல், அதாவது ஏறக்குறைய நானூறு மீற்றர், ஓடவேண்டும். முடிந்ததும் எத்தனை செக்கன் என்று அச்சடித்த கடதாசித் துண்டு ஒன்று தருவார்கள். பதினான்கு செக்கனுக்குக் குறைவான துண்டு ஒன்று எடுக்கவேண்டும் என்பது இவருடைய பன்னிரண்டு வருட ஆசை. ஒவ்வொரு கோடைக்கும் ஏதோ ஒன்று குறுக்கே வந்துவிடும். பெரும்பாலும் குறுக்கே வந்தது நான்தான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

காலை 6.50க்கு ஸ்காபரோவில் வெளிக்கிட்டோம். 401 நெடுஞ்சாலை வெறுமையாகக் கிடந்தது; அதற்காகவே ஞாயிறு காலையைத் தெரிந்தோம். நெரிசலில் கியர் மாற்றி மாற்றிப் போயிருந்தால் இவருடைய கால் ஓக்வில்லிலேயே முடிந்திருக்கும். ஹமில்ற்றனைத் தாண்டித் தெற்கே இறங்கினால் சோள வயல்கள், அதற்கு நடுவில் ஓடுபாதை. வீட்டிலிருந்து 142 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம். ஓட்டுநருக்கு 60 டொலர், கூட வருபவருக்கு 20. வாயிலில் ரயர், பற்றரி, சீற் பெல்ற் எல்லாம் பார்த்துவிட்டு, “பதினான்குக்குக் கீழே ஓடுவீர்களா? ஓடுவதென்றால் ஹெல்மெற் கட்டாயம்” என்றார்கள். இவர் புது ஹெல்மெற்றைத் தூக்கிக் காட்டியபோது முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே.

இனி நான் செய்த திருவிளையாடல். தூரப் பயணம் என்றால் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து நசித்துவிட்டுப் புறப்படுவது எங்கள் வழக்கம். காலையில் அவசரத்தில் மறந்துபோனேன். ஓடுவதற்கான வரிசையில் நின்றபோது கைப்பையைத் துழாவினால் நான்கும் அப்படியே கிடக்கின்றன. இவர் உள்ளே ஹெல்மெற் பூட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து நாலு சில்லுக்கும் ஒவ்வொன்றாக வைத்தேன். வரிசை நகர்ந்தது, தேசிக்காய் நசிந்தது, எனக்கும் மனசு ஆறியது.

தொடக்கக் கோட்டில் மஞ்சள் மேலங்கியோடு நின்ற பெரிய மனிதர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார். பின்சில்லைத் தடவி விரலை மணந்து பார்த்தார். அந்தத் தளத்தில் பிசின் மாதிரி ஒன்று பூசியிருக்கிறார்கள். அதில் ஈரம் பட்டால் சில்லு வழுக்கும், பின்னால் வருபவன் சுவரில் போய் மோதுவான். எனக்கு எங்கே தெரியும்?

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“தேசிக்காய்” என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். “பாதுகாப்புக்கு.”

“அம்மா, இங்கே பாதுகாப்பு என்னுடைய வேலை” என்றார். சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

எங்களை வரிசையிலிருந்து விலத்தி, சில்லைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி கடைசியில் நிற்கச் சொன்னார். முப்பது வண்டிகள் காத்திருக்க, இரண்டு பேர் தும்புத்தடியோடு வந்து கூட்டி விதை பொறுக்கினார்கள். ஐம்பது நிமிடம் போயிற்று. இரண்டு மணிக்கு மழை என்று வேறு அறிவித்திருந்தார்கள். மழை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். “உமக்கு விசரே?” என்று இவர் கேட்டார்.

11.25க்கு இவருடைய முதல் ஓட்டம். பிக்கப்பின் பின்பக்கம் பாரமில்லாதது. கிளச்சைச் சட்டென்று விட்டால் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். அப்படித்தான் சுற்றியது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது கால் பிந்திவிட்டது, கியர் விழவில்லை. துண்டில் 15.41. இரண்டாவது ஓட்டம் 12.10க்கு. பச்சை விழுந்தது, முழங்கால் மடங்க மறுத்தது, வண்டி இரண்டு தரம் குலுங்கிவிட்டு அந்தக் கோட்டிலேயே நின்றுபோயிற்று. பக்கத்து வண்டி போய் முடித்தும்விட்டது.

திரும்பி வந்தவர் இறங்கவே ஒரு நிமிடம் எடுத்தார். முகம் வெளிறிக் கிடந்தது. “காணும். ஏலாது. வாரும், வீட்ட போவம்” என்றார். ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சை அன்றுகூட நான் இவரை இப்படிப் பார்க்கவில்லை. அந்த ஐம்பது நிமிடத்தை நான் தின்னாமல் விட்டிருந்தால் கால் களைக்க முதலே ஓடியிருப்பார் என்ற எண்ணம் வேறு அரித்தது.

“இஞ்சருங்கோ” என்றேன். “ஹெல்மெற்ற இஞ்ச தாங்கோ.”

“என்னத்துக்கு?”

“நான் ஓடுறன்.”

பக்கத்தில் சின்னக் கார் ஒன்றின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்தாள். ஏஜாக்ஸிலிருந்து வந்த டிலானி. காலையிலிருந்து எங்களுக்குத் தண்ணீரும் நிழலும் தந்தவள். “அன்ரி, யூ ட்ரைவ் ஸ்டிக்? நோ வே!” என்றாள்.

ஓம், கியர் வண்டி ஓட்டுவேன். கனடாவுக்கு வரமுதல் ஜேர்மனியில் ஏழு வருடம் ஒரு வெதுப்பகத்துக்கு வான் ஓட்டினேன். பின்னால் தட்டுத் தட்டாகக் கிறீம் கேக். கிளச் ஒருக்கால் துள்ளினால் பத்துக் கேக்கின் முகம் போய்விடும், முதலாளியம்மாவின் முகமும் போய்விடும். இங்கே வந்து எல்லாம் ஓட்டோமற்றிக் ஆனபிறகு இடது கால் பத்தொன்பது வருடம் சும்மா இருந்தது. இவருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் “நீர் ஓட்டிப் பாரும்” என்று கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. என்ன ஆட்கள் நாங்கள்!

அலுவலகத்தில் உரிமத்தைக் காட்டி, 60 டொலர் கட்டி, கையெழுத்துப் போட்டேன். வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு சுற்று. அதற்குள் மூன்று தரம் எஞ்சினை நிற்பாட்டினேன். இவர் சீற்றை முன்னால் தள்ளிவிட்டார், என் சால்வையை மடித்து ஹெல்மெற்றுக்குள் அணை கொடுத்தார். டிலானி பின் ரயர்களில் கொஞ்சம் காற்றைக் குறைத்தாள், பிடிமானம் கூடுமாம்.

1.05க்கு முதல் ஓட்டம். பச்சை விழுந்தது. நான் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தேன்! சந்தியில் நிற்கிற பழக்கம், என்ன செய்வது? நல்ல காலம், சில்லு நகர்ந்த பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்குமாம். கேக் ஏற்றிய மாதிரியே மெல்ல மெல்லக் கியர் மாற்றிப் போய்ச் சேர்ந்தேன். 15.07. இவரைவிடக் குறைவு என்று பார்த்ததும் டிலானி துள்ளினாள். “ஆனா அன்ரி, பின்னால கேக் இல்ல. ஜஸ்ட் ஸெண்ட் இட்!”

1.35க்கு அவள் சொன்னபடி அக்ஸிலரேற்றரை முழுக்க மிதித்துவிட்டேன். பின்பக்கம் வழுக்கி ஒருபக்கமாக இழுத்தது. ஐயோ என்று கத்தினேன், ஆனால் காலை எடுக்கவில்லை. 14.31.

இவர் வண்டிக்கு நொண்டி நொண்டி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மாறியிருந்தது. “இஞ்சாரும். கிளச்ச கேக்குக்கு விடுற மாதிரி விடும். அது முழுக்க வெளியில வந்தாப் பிறகுதான் மற்றக் கால அமத்தவேணும், முதல் அமத்தாதையும். ரெண்டில இருந்து மூண்டுக்குப் போகேக்க தடியப் பிடிச்சு முறிக்காதையும், உள்ளங்கையால நேர தள்ளும், அது தன்ர வழியில போகும். அய்யாயிரத்து ஐந்நூறு சுத்து வந்தா மாத்தும். பயப்பிடாதையும், அவள் நல்லவள்.”

அவள் என்றது வண்டியை. பன்னிரண்டு வருடமாக நான் பொறாமைப்பட்டது சரிதான்.

2.05. தெற்கே வானம் கறுத்துவிட்டது. மஞ்சள் மேலங்கிக்காரர் வானத்தைப் பார்த்து “கடைசி இரண்டு சோடி” என்று கைகாட்டினார். நாங்கள் கடைசிச் சோடி. என்னை அடையாளம் கண்டு ஒரு புருவத்தை உயர்த்தினார். வெறுங்கை இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினேன். அன்று முதல் தரம் அந்த மனிதர் சிரித்தார்.

முதல் கியர். எஞ்சினை இரண்டாயிரம் சுற்றில் பிடித்தேன். மஞ்சள் லைற் மூன்றும் விழுந்தன, பிறகு பச்சை. கிளச்சை மெதுவாக விட்டேன். வண்டி வழுக்காமல் தரையைக் கவ்விக்கொண்டு நகர்ந்தது. கால் முழுதாக மேலே வந்ததும் மற்றக் காலை அடிவரை அழுத்தினேன். முதுகு சீற்றில் ஒட்டிக்கொண்டது. இரண்டு. உள்ளங்கையால் தள்ளினேன், மூன்று தன்பாட்டில் விழுந்தது. நான்கு. அதற்குள் கோடு கடந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது இவருடைய கால் மட்டும்தான். அந்த இடது கால்தான் எங்கள் வீட்டைக் கட்டியது, மகளைப் படிப்பித்தது. அதற்குக் கைமாறாக நான் ஒரு கால் மைல் கிளச் மிதித்தால் என்ன குறைந்துபோய்விடும் என்று நினைத்துக்கொண்டே பிரேக் பிடித்தேன்.

துண்டு கொடுக்கும் சிறிய குடிலில் முதல் துளி மழை விழுந்தது. துண்டைப் பார்க்காமலே கொண்டுபோய் இவருடைய கையில் கொடுத்தேன். இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டார்.

13.96.

இரண்டு தரம் வாசித்தார். பிறகு டிலானியிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் என்னைத் தூக்கியே விட்டாள். இவர் திரும்ப வாங்கிய துண்டை மடிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பதினொரு மணிக்குப் பிறகு வரிசை நீளும். மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் கட்டாயம். ஹெல்மெற் இருவருக்கும் தனித்தனி கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கு ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனோம், பாதி டிலானிக்கும் கூட்டாளிகளுக்கும் போனது, கூடவே கட்டுங்கள். எங்களுக்குப் பெற்றோல் 118 டொலர், அந்த வண்டி குடிக்கும். தேசிக்காயை வீட்டு வாசலிலேயே நசித்துவிட்டு, சில்லை நன்றாகக் கழுவிக்கொண்டு போங்கள். டிலானிக்கும், விதை பொறுக்கிய அந்த இருவருக்கும், கத்தாமல் விட்ட மஞ்சள் மேலங்கிக்காரருக்கும் என் நன்றி. இவர்களில் ஒருவராவது முகம் சுளித்திருந்தால் நான் அந்தக் கதவைத் திறந்து ஏறியிருக்கமாட்டேன்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். மழையும் நெரிசலும், ஸ்காபரோ வர இரண்டு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிடம். நான் கியர் மாற்றும்போதெல்லாம் பக்கத்துச் சீற்றில் இவருடைய இடது காலும் கால்மிதியை அழுத்துவதைக் கண்டேன். “நோகுதே?” என்று கேட்டேன். “இப்ப இல்ல” என்றார்.

மார்க்கம் வீதிச் சிவப்பு லைற்றில் நிற்கும்போது இவருடைய போன் அடித்தது. வண்டி வாங்குகிற பொடியன், நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான். இவர் என்னைப் பார்த்தார். பச்சை விழுந்தது, நான் இந்தமுறை இரண்டு பக்கமும் பார்க்காமல் முதல் கியரைப் போட்டேன்.

“குறை நினைக்காதையும் தம்பி” என்றார் இவர். “வண்டி விக்கேல்ல. ட்ரைவர் மாறிட்டா.”