பத்தாவது வீடு

துறைமுகத் தொழிலாளர்களுக்கான அரசாங்க வரிசை வீடுகளில் நாங்கள் பதினொரு குடும்பங்கள் இருந்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் நான், கணவர், இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பக்கம் திரியாய்க் கிராமத்தைச் சேர்ந்த ஒருத்தியும் அவள் புருஷனும். அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

புயலடித்த அன்று என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஓடுகள் பறக்கத் தொடங்கியதும் என் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவன் அவள் புருஷன்தான். நானும் அவளும் பெரியவளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம். எங்களை உள்ளே விட்டுவிட்டு, அரிசியாவது எடுத்து வருகிறேன் என்று அவன் திரும்பிப் போனான். சுவர் அவன் மேல் விழுந்தது.

அதே காணியில் புது வீடுகள் கட்டினார்கள். குறைந்த வாடகை, வீட்டுக்கு வீடு கக்கூஸ், தண்ணீர்க் குழாய். ஆனால் வீடுகள் பத்துத்தான். என் கணவர் நிரந்தர வேலைக்காரர் அல்ல என்பதால் பட்டியலில் எங்கள் பெயர் கடைசி, பதினொன்றாவது.

"பக்கத்து வீட்டவளின்ர பேர் வெட்டுப்பட்டாத்தான் எங்களுக்கு வீடு," என்றார் கணவர். "கேட்டா நீ வாயைத் திறக்காத."

விசாரிக்க வந்த அதிகாரி நாங்கள் தங்கியிருந்த வகுப்பறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார். பழைய வீடு புருஷன் பெயரில் இருந்தது. கலியாணப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்.

"பதியேல்லை ஐயா. கோயிலிலதான் தாலி கட்டினது."

"அதுக்குச் சாட்சி ஆர்?"

"இந்த அக்கா வந்தவ. பந்தியில பரிமாறினவ."

அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது ஐயா," என்றேன். "இவை இங்க குடிவந்த பிறகுதான் பழக்கம்."

"அக்கா, என்ன கதை இது?"

அதிகாரி பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அவள் அழவில்லை. இடுப்பிலிருந்த என் சின்னவளை மெல்ல இறக்கிவிட்டாள்.

நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். அவள் திரியாயில் தமையன் வீட்டுக்குப் போனாள். அடுத்த மாரியில் ஒரு நாள் நனைந்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தமையன் பெண்சாதி துரத்திவிட்டாளாம்.

"குசினியில ஒரு மூலை போதும் அக்கா. பிள்ளையளைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

உள்ளேயிருந்து கணவர் கத்தினார்: "வெளியாக்களை வைச்சிருந்தா எங்களையும் வீட்டால எழுப்பிப்போடுவினம். ஏலாதெண்டு சொல்லு!"

"ஏலாது," என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். அவள் நிற்கவில்லை.

கொழும்பில் யாரோ வீட்டில் வேலைக்கு நிற்கிறாள் என்று பிறகு சந்தையில் ஒருவர் சொன்னார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்ப் பார்க்க வேண்டி வருமே என்ற பயம்.

இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பத்தாவது வீட்டிலிருந்துதான் கட்டிக்கொடுத்தேன். எந்த மழைக்கும் அது ஒழுகியதில்லை.