மடியில் சூட்கேஸ்

எண்பதுகளில் பம்மலில் ஒரு தெருநாய் என்னைக் கடித்தது. அந்தக் காலத்தில் அதற்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. "ரொம்ப அபூர்வமா சிலருக்கு நரம்பு பாதிச்சு கால் விழுந்துடும். மரத்துப்போனா உடனே வாங்க" என்றார் டாக்டர். அந்த அபூர்வப் பிறவி நான்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கடைசி ஊசி போட்ட வாரம், ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் வந்தேன். வழக்கம்போல என் மடியில் சூட்கேஸை வைத்து நண்பர்களோடு சீட்டாட்டம். தாம்பரத்தில் எழுந்தால் வலது கால் இருப்பதே தெரியவில்லை. "ஐயோ, கால் போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில், நண்பர்கள் என்னை அலாக்காகத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். பாதி வழியிலேயே காலில் எறும்பு ஊர்வதுபோல் உணர்வு வந்துவிட்டது. சொல்ல வெட்கப்பட்டு ஆஸ்பத்திரி வரை படுத்தே போனேன்.

டாக்டர் பாதத்தில் குண்டூசியால் குத்தினார். வார்டே அதிர அலறினேன். ரயில் சீட்டாட்டக் கதையைக் கேட்ட டாக்டர், நண்பர் கையிலிருந்த சூட்கேஸைக் காட்டி, "இதைத் தூக்கிக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போங்க" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் நாய்க்கடி, அதே ஊசி. டாக்டர் அவர் பாதத்திலும் குத்தினார். கண்ணை இறுக மூடியிருந்த அவர் கேட்டார்: "எப்ப சார் குத்துவீங்க?"