ஸ்டோர்டு புரொசீஜருக்கும் ஓஆர்எம்முக்கும் நடுவில் நான்

ராஜபாளையத்தில், மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் ஆலையொன்றில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். எங்கள் அறையில் மூன்றே பேர். சீனியரான அக்கா, ஆலையின் இருப்புக் கணக்கு முழுவதையும் டேட்டாபேஸுக்குள்ளேயே ஸ்டோர்டு புரொசீஜர்களாக எழுதிவைத்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், விடை வந்துவிடும். சென்னையிலிருந்து வந்த மேனேஜரோ ஓஆர்எம் பக்தர். டேட்டாபேஸிடம் கேட்க வேண்டியதை அந்தக் கருவியே எழுதிக்கொள்ளும். மனிதர் கையால் எழுதுவது அநாகரிகம் என்பது அவர் கொள்கை. எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு இருவரும் என் வழியாகவே பேசிக்கொள்வார்கள்.

மேனேஜர் ஒருநாள் இருப்புத் திரையை ஓஆர்எம்முக்கு மாற்றினார். அது ஒவ்வொரு துணி உருளைக்கும் தனித்தனியாகப் போய் விசாரித்து வந்தது. சரக்கேற்ற வந்த லாரிக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்டார். திரை சுற்றிக்கொண்டே இருந்தது.

"என் புரொசீஜர் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள சொல்லிரும்னு அவியகிட்டச் சொல்லு" என்றார் அக்கா.

"அந்த புரொசீஜரையே ஓஆர்எம் வழியா கூப்பிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லன்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

அப்படியே கூப்பிட்டேன். திரை உடனே வந்தது. எல்லா உருளைக்கும் இருப்பு பூஜ்யம்.

மாடியில் அதே திரையைப் பார்த்த முதலாளி கல்யாணக் களையோடு இறங்கி வந்தார். "ஏலே, அம்புட்டும் வித்துப்போச்சா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று என் தோளைத் தட்டிவிட்டு, நூல் ஆர்டர் போட போனை எடுத்தார். குடோனிலோ கால்வைக்க இடமில்லை. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "சாயங்காலத்துக்குள்ள சரியா வரணும்" என்று ஏறிப்போனார்.

அக்காவின் புரொசீஜர் இருப்பைக் 'குளோசிங்' என்று அனுப்பியது. மேனேஜரின் நிரல் அதை 'ஸ்டாக்' என்ற பெயரில் எதிர்பார்த்தது. பெயர் பொருந்தாததால் ஓஆர்எம் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. யாராவது ஒருவர் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

"எம்புட்டு வருசமா ஓடுது, நான் எதுக்கு மாத்தணும்?" என்றார் அக்கா. மாற்றினால் டிசைன் கெட்டுவிடும் என்றார் மேனேஜர்.

கடைசியில் நானே இன்னொரு புரொசீஜர் எழுதினேன். அக்காவுடையதைக் கூப்பிட்டுப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதே அதன் வேலை. இருப்பு சரியாக வந்தது. ஓஆர்எம்மின் வெற்றி என்று மேனேஜர் முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். தன் புரொசீஜர்தான் ஆலையைக் காப்பாற்றியது என்று அக்கா அறை முழுக்க, அதாவது என்னிடம், சொன்னார்.

நடுவில் இருக்கும் என் புரொசீஜரைத் தொட இருவருக்கும் மனமில்லை; அது நின்றால் நான்தான் பார்க்க வேண்டும். அதனால் எனக்கு முழு லீவு கிடைப்பதில்லை. எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் எங்கள் தெருமுனையைக் கடந்தபோது, நான் உள்ளறையில் லேப்டாப் முன்னால் இருந்தேன். அம்மா எட்டிப்பார்த்து, "செத்த நேரம் எந்திரிச்சு வந்திருக்கலாம்ல, போயிருச்சு" என்றார்.